பென்ஷன் வருது, கார்டும் இருக்கு, குடி வைத்தியத்துக்கு எதுக்கு நகையை அடகு வைக்கணும்?

கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருத்தர் மிலிட்டரிக்கு போன ஊருங்க நம்ம பக்கம் இருக்கறதால, ரிட்டயர் ஆன சிப்பாய் குடும்பங்க கிட்ட இருந்து எப்பவும் கடிதம் வரும். இந்த தடவை வந்ததுல ஒரே விஷயத்தை பத்தினதா நாலு எடுத்திருக்கேன்.

கேள்வி: ஐயா, எங்க வூட்டுக்காரர் ஆர்மில 22 வருஷம் இருந்துட்டு ஹவில்தாரா 2011ல ரிட்டயர் ஆனாரு. வந்த புதுசுல ஏடிஎம் செக்யூரிட்டி வேலைக்கு போயிகினு நல்லாத்தான் இருந்தாரு, இப்ப நாலு வருஷமா காலைல எழுந்ததுமே குடிச்சாத்தான் கை நடுக்கம் நிக்குது. ஒரு மறுவாழ்வு மையத்துல கேட்டோம், மாசம் 25 ஆயிரம், மூணு மாச பணத்தை மொதல்லயே கட்டணும், நாங்களே வண்டி கொண்டாந்து தூக்கினு போயிடுவோம்னு சொல்றாங்க. என் நகையை வெச்சுதான் கட்டணும். மிலிட்டரி ஆஸ்பத்திரி கார்டு இருக்கு, ஆனா அங்க போய் குடின்னு சொன்னா பென்ஷன நிறுத்திடுவாங்கன்னு இவரோட சேர்ந்த ஆளுங்க பயமுறுத்துறாங்க. இன்னா பண்றது?
பேர் வேணாம், கணியம்பாடி பக்கம்

பதில்: மொதல்ல அந்த பயத்தை விடுங்கம்மா. குடிக்கு வைத்தியம் பாத்தாருன்னு யாரோட பென்ஷனையும் நிறுத்த மாட்டாங்க. பெரிய கிரிமினல் கேஸ்ல தண்டனை கிடைச்சா பென்ஷன்ல கை வைக்க வழி இருக்கு, ஆஸ்பத்திரிக்கு போறது அந்த கணக்குலயே வராது. 2017ல வந்த மனநல சட்டத்துல குடி, போதையால வர்ற மனநல பாதிப்பும் மனநோய்க்குள்ளயேதான் வருது, நோயாளியோட விவரத்தை வெளிய சொல்லக்கூடாதுன்னும் அதுலயே இருக்கு. முன்னாள் படைவீரருங்களுக்கான பாலிகிளினிக் டாக்டர் உங்க ஊர் டீக்கடையில வந்து பேசப்போறதில்ல. சொல்லப்போனா ஊருக்கு தெரிஞ்சிடும்ங்கற வெட்கத்துக்குத்தான் நம்ம ஜனங்க லட்சக்கணக்குல செலவு பண்றாங்க, அந்த பணம் மருந்துக்கு போறதே இல்ல.

இப்ப உங்க கைல இருக்குற கார்டை பத்தி சொல்றேன். ஈசிஹெச்எஸ்ங்கறது முன்னாள் படைவீரர் குடும்பத்து வைத்தியத்துக்காக 2003 ஏப்ரல் 1ல ஆரம்பிச்ச திட்டம், அதுக்கப்புறம் பென்ஷனோட வந்தவங்க எல்லாருமே கட்டாயமா அதுல மெம்பர், உங்க வூட்டுக்காரருக்கும் ரிட்டயர்மென்ட் பணத்துலயே பிடிச்சிருப்பாங்க, அதனால இது யாரும் தர்ற தர்மம் இல்ல, நீங்க ஏற்கனவே காசு கட்டின விஷயம். இதுல வருஷத்துக்கு இவ்ளோதான்னு உச்சவரம்பு கிடையாது, பழைய வியாதின்னு தள்ளவும் மாட்டாங்க. கேன்டீன் லிக்கர் கார்டு மாசம் தவறாம தேய்ஞ்சிட்டிருக்கு, ஹெல்த் கார்டு பீரோவுல புடவைக்கு அடியில தூங்குது, நம்ம பக்கம் பாதி வீட்டுல இதான் கதை. அது பழைய கார்டா இருந்தா புது 64 கேபி கார்டா மாத்தணும், அந்த வேலையை முதல்ல முடிங்க.

அடுத்து வேலூர் பாலிகிளினிக்குக்கு அவரையும் கூட்டிட்டு போங்க. அங்க இருக்குற மெடிக்கல் ஆபீசர் கிட்ட மழுப்பாம சொல்லுங்க, காலைல குடிச்சாத்தான் நடுக்கம் நிக்குது, ராத்திரி தூக்கம் இல்ல, முன்னாடி ஃபிட்ஸ் வந்திருந்தா அதையும். "வயித்து வலி"ன்னு சொல்லி ரெஃபரல் வாங்கறவங்க நிறைய பேர், அப்புறம் வயித்துக்கு மட்டும் பாத்து அனுப்பிடறாங்க, பத்து நாள்ல திரும்ப அதே கதை. உள்ளதை சொன்னாத்தான் சைக்யாட்ரி, அதாவது மனநல பிரிவு இருக்குற எம்பேனல் (திட்டத்தோட பட்டியல்ல சேர்த்த) ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் எழுத முடியும். எந்த எந்த ஆஸ்பத்திரி இப்ப பட்டியல்ல இருக்கு, அதுல எதுல சைக்யாட்ரி சேர்த்திருக்காங்கன்னு கவுன்ட்டர்லயே கேட்டு எழுதி வாங்கிக்குங்க, ஏன்னா பட்டியல் மாறிட்டே இருக்கும். ரெஃபரலோட போனா கேஷ்லெஸ். ஹவில்தார் ரேங்குக்கு ஜெனரல் வார்டுதான், தனி ரூம் கேட்டா வித்தியாசத்தை நீங்க கட்டணும், வேண்டாம், அந்த காசை பஸ்ஸுக்கும் பழத்துக்கும் வெச்சுக்குங்க.

ஒண்ணு கவனிங்க. ஆஸ்பத்திரியில அட்மிட் பண்ணி பண்ற வைத்தியம் வேற, மாசக்கணக்குல தங்க வைக்கிற மறுவாழ்வு மையம் வேற. பட்டியல்ல இல்லாத மையத்துல நீங்களா கொண்டு போய் சேர்த்துட்டு, அப்புறம் பில்லை பாலிகிளினிக்ல குடுத்தா பணம் திரும்ப வராது. எமர்ஜென்சின்னா மட்டும் கதை வேற, ராத்திரி ஃபிட்ஸ் வந்து பக்கத்துல இருக்குற பட்டியல்ல இல்லாத ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடினா 48 மணி நேரத்துக்குள்ள பாலிகிளினிக்குக்கு தகவல் சொல்லணும், பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாத்தையும் ஒரிஜினலா வெச்சிருக்கணும், அப்ப சிஜிஹெச்எஸ், அதாவது மத்திய அரசு ஊழியர் வைத்திய திட்டத்து ரேட்டுல திரும்ப தருவாங்க.

இந்த ஃபிட்ஸ் விஷயத்தை சும்மா சொல்லல. தினம் காலைலயே குடிக்கிற ஆளு திடீர்னு ஒரு நாள் நிறுத்தினா முதல் ரெண்டு நாளுக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாளுக்குள்ள ஆள் தெரியாம உளர்றது, சுவத்துல பூச்சி ஓடுதுன்னு சொல்றது, காய்ச்சல், வேர்வைன்னு போய் உயிருக்கே ஆபத்தா முடியலாம். அதனாலதான் டீடாக்ஸை, அதாவது உடம்புல இருந்து குடியை இறக்கற வைத்தியத்தை, ஆஸ்பத்திரியில மருந்து குடுத்து, தயமின்ங்கற வைட்டமின் ஊசி போட்டு, பிபி பாத்து பண்றாங்க. வண்டி கொண்டாந்து தூக்கினு போற மையத்துல ராத்திரி டாக்டர் இருக்காரான்னு கேட்டீங்களா? மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணின நம்பரை காட்ட சொல்லுங்க, காட்டலைன்னா ஒரு ரூபா கூட குடுக்காதீங்க. சங்கிலி போடறது அந்த 2017 சட்டத்துல நேரடியாவே தடை.

கார்டு வேலை முடிய நாளாகும், அதுக்குள்ள ஆள் தாங்க மாட்டாருன்னா உங்க ஊருக்கு பக்கத்துலயே அடுக்கம்பாறை அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கே, சைக்யாட்ரி ஓபிக்கு நேரா போங்க, அதுக்கு ரெஃபரலும் வேணாம் காசும் வேணாம். பாகாயத்துல சிஎம்சியோட மனநல மையமும் இருக்கு, 1957ல இருந்து இருக்குற இடம், நோயாளியோட குடும்பத்து ஆளும் கூட தங்கணும்ங்கற பழக்கத்தை நம்ம நாட்டுல ஆரம்பத்துலயே கொண்டு வந்தவங்க. அங்க காசு ஆகும், கஷ்டம்னா சோஷியல் ஒர்க்கர் கிட்ட சலுகை கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

நகை பீரோவுலயே இருக்கட்டும்.

கேள்வி: சார், நான் 6 வருஷ சர்வீஸ்ல சொந்த காரணத்தால வெளிய வந்துட்டேன், பென்ஷன் கிடையாது, ஈசிஹெச்எஸ்ஸும் இல்ல. வயசு 34. குடியால ரெண்டு வேலை போச்சு. ஒரு கம்பெனில மெடிக்கல் பாலிசி எடுத்து வெச்சிருக்கேன் 5 லட்சத்துக்கு, அதுல டீ-அடிக்ஷன் கிளெய்ம் பண்ணலாமா? எனக்கா விடணும்னு தோணிட்டு இருக்கு.
குடியாத்தம் வாசகர்

பதில்: தம்பி, விடணும்னு நீங்களா எழுதினதே பெரிசு. ஆனா பாலிசி பத்தி நல்ல சேதி இல்ல. மனநோயையும் உடம்பு நோய் மாதிரியே இன்சூர் பண்ணணும்னு சட்டம் சொல்லுது, 2018ல இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமும் கம்பெனிங்களுக்கு அதை சொல்லிடுச்சு. அதே ஆணையம் 2019ல விலக்குகளுக்கு பொதுவான நம்பர் போட்டப்ப 12வது விலக்கா வெச்சது என்னன்னா குடி, போதை பழக்கத்துக்கான வைத்தியமும் அதோட விளைவுகளும். ஒரு கையால குடுத்து இன்னொரு கையால வாங்கின கதைதான், என்னை கேட்டா அநியாயம். உங்க பாலிசி பேப்பர்ல விலக்குகள்னு இருக்குற பக்கத்தை பிரிச்சு அந்த 12 இருக்கான்னு பாருங்க, அனேகமா இருக்கும். இருந்தா கிளெய்ம் போட்டு அலையாதீங்க, குடிக்கிறதை மறைச்சு வேற வியாதி பேர்ல போடலாம்னு ஏஜென்ட் ஐடியா குடுத்தா அதுக்கும் போகாதீங்க, பாலிசியே போயிடும்.

உங்களுக்கு இருக்குற வழி ரெண்டு. ஒண்ணு அரசு செலவுல. குடியாத்தத்துலயே அரசு ஆஸ்பத்திரி இருக்கு, மாவட்ட மனநல திட்டத்து டாக்டர் எந்த கிழமை வர்றாருன்னு கேட்டுட்டு போங்க, அட்மிஷன் தேவைன்னா அடுக்கம்பாறைக்கு அனுப்புவாங்க. மத்திய சமூகநீதி அமைச்சகம் பணம் குடுத்து நடத்தற மறுவாழ்வு மையங்கள் இருக்கு, அங்க தங்கறது சாப்பாடு மருந்து எல்லாம் இலவசம், உங்களுக்கு கிட்டத்துல எதுன்னு 14446க்கு போன் பண்ணி கேளுங்க, அது டோல் ஃப்ரீ. ராத்திரியில மனசு சரியில்லன்னா 14416, டெலிமானஸ்ங்கற அரசு மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க.

இன்னொண்ணு, பென்ஷன் இல்லாத முன்னாள் சிப்பாய்க்குன்னே இருக்குற பணம், ஆனா பென்ஷன் வர்றதுக்கு முன்னாடி தானா கேட்டு வெளிய வந்தவங்களை முன்னாள் படைவீரர் கணக்குல பொதுவா சேர்க்கறதில்ல, அதனால உங்களுக்கு அந்த அடையாள அட்டை உண்டான்னு மொதல்ல கேட்டுக்குங்க. கொடிநாள் நிதின்னு டிசம்பர் 7ல ஸ்கூல்ல உண்டியல் குலுக்குவாங்களே, அதுல இருந்துதான் வருது. ஹவில்தார் ரேங்க் வரைக்கும் பென்ஷன் இல்லாதவங்களுக்கு வைத்திய செலவுக்கு 50 ஆயிரம் வரைக்கும் உதவி இருக்கு, முன்னாடி 30 ஆயிரமா இருந்ததை 2023ல ஏத்தினாங்க. கடுமையான வியாதிங்களுக்கு தனியா ஒரு பெரிய தொகை இருக்கு, ஆனா அந்த பட்டியல்ல ஹார்ட், கேன்சர், கிட்னி மாதிரிதான் இருக்கு, குடி இல்ல, அதனால அதுக்கு மனு போட்டு நாளை வீணாக்காதீங்க. விண்ணப்பம் மத்திய சைனிக் போர்டு வெப்சைட்ல, வழி வேலூர்ல இருக்குற முன்னாள் படைவீரர் நல அலுவலகம். டிஸ்சார்ஜ் புக், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, டாக்டர் கையெழுத்து போட்ட பில்லுங்க, பேங்க் பாஸ்புக், இதெல்லாம் எடுத்துட்டு போங்க. செலவு பண்ணின பில்லை வெச்சு தர்ற பணம் இது, முன்பணம் இல்ல, அதனால மெடிக்கல் ஷாப் சீட்டு வரைக்கும் பத்திரம். டிஸ்சார்ஜ் புக்கை அடகு வெச்சிருந்தா, சிரிக்காதீங்க அப்படியும் வைக்கிறாங்க, முதல்ல அதை மீட்டுட்டு வாங்க.

அப்புறம் ஏஏ மீட்டிங், அதாவது குடியை விட்டவங்களும் விட நினைக்கிறவங்களும் கூடி பேசற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். ஃபீஸ் கிடையாது, பேர் சொல்ல வேணாம், விடணும்ங்கற ஆசை இருந்தா போதும், உங்களுக்கு அது இருக்கு. வேலூர் பக்கம் எந்த கிழமை எங்க நடக்குதுன்னு அடுக்கம்பாறை சைக்யாட்ரி ஓபியிலயே விசாரிங்க.

கேள்வி: நான் சுபேதாரா ரிட்டயர் ஆனவன். என் மகன் வயசு 23, இன்ஜினியரிங் முடிச்சிட்டு வேலை இல்லாம இருக்கான். வலி மாத்திரையை கரைச்சு ஊசியா போட்டுக்கறான்னு போன வாரம்தான் தெரிஞ்சுது. என் கார்டுல அவனுக்கு பாக்க முடியுமா? போலீஸ் கேஸ் ஆயிடுமோன்னு வீட்டுல யாருக்கும் தூக்கம் இல்ல.
ஆரணி ரோடு வாசகர்

பதில்: முடியும் சார், ஆனா நாள் கம்மி. ஈசிஹெச்எஸ்ல மகன் 25 வயசு வரைக்கும்தான் டிபென்டன்ட், அதுக்குள்ள சம்பாதிக்க ஆரம்பிச்சாலோ கல்யாணம் ஆனாலோ அன்னையோட போச்சு. "கல்யாணம் பண்ணி வெச்சா திருந்திடுவான்"னு சொந்தக்காரங்க கிளம்புவாங்க, ஒரு பொண்ணு வாழ்க்கையும் போகும் இவன் கார்டும் போகும், வாயை மூட சொல்லுங்க. அவன் பேர்ல தனி கார்டு இருக்கான்னு பாத்து இந்த வாரமே ரெஃபரலுக்கு போங்க.

போலீஸ் பயத்துக்கு பதில், போதை பொருள் சட்டத்துலயே 64ஏன்னு ஒரு பிரிவு இருக்கு. பழக்கத்துக்கு அடிமையானவர், சொந்தமா உபயோகிச்சதுக்கோ சின்ன அளவு வெச்சிருந்ததுக்கோ கேஸ் ஆனாலும், தானா முன்வந்து அரசு நடத்தற இல்ல அங்கீகரிச்ச இடத்துல சிகிச்சை எடுத்து முடிச்சா வழக்குல இருந்து விலக்கு உண்டு. பாதியில விட்டா அந்த பாதுகாப்பு போயிடும். இது அவனா போனாத்தான், அதனால அடிச்சு இழுக்காம பேசி கூட்டிட்டு போங்க. ஊசி போட்டுக்கிட்டவன்ங்கறதால ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி மூணும் டெஸ்ட் பண்ணணும், ஹெச்ஐவி டெஸ்ட் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல இலவசம், ரிசல்ட்டை வெளிய சொல்ல மாட்டாங்க. இந்த மாதிரி மாத்திரைக்கு பதிலா நாக்குக்கு அடியில வைக்கிற புப்ரனார்ஃபின் சிகிச்சையும் அரசு மையங்கள்ல உண்டு, அவனுக்கு அது சரிவருமான்னு சைக்யாட்ரிஸ்ட் சொல்லணும்.

கேள்வி: வேலூர் மார்க்கெட்ல ஒருத்தர் பவுடர் தர்றாரு, 3 ஆயிரம், சொல்லாம சாம்பார்ல கலந்து குடுத்தா குடியை மறந்துடுவாங்களாம். எங்க அப்பா 1965 யுத்தத்துல இருந்தவரு, ஈசிஹெச்எஸ் இருக்கு. 70 வயசுக்கு மேல ஆயுஷ்மான் கார்டும் தர்றாங்களே, ரெண்டையும் வெச்சுக்கலாமா?
காட்பாடி வாசகி

பதில்: பவுடர் வேண்டவே வேண்டாம்மா. அந்த மாதிரி பொட்டலத்துல டைசல்ஃபிரம் இருந்தா, அது மேல குடிச்ச உடனே மூஞ்சி சிவந்து, வாந்தி, படபடப்பு, பிபி இறங்கி இந்த வயசுல உயிரே போகலாம். டாக்டருங்களும் அந்த மாத்திரையை குடுக்கறது உண்டு, ஆளுக்கு தெரிஞ்சு, அவர் சம்மதத்தோட, ஹார்ட்டும் லிவரும் பாத்துட்டு.

கார்டு ரெண்டும் கிடையாது, ஒண்ணைத்தான் தேர்ந்தெடுக்கணும். ஆயுஷ்மான்ல வருஷத்துக்கு குடும்பத்துக்கு 5 லட்சம்தான், ஈசிஹெச்எஸ்ல வரம்பு இல்ல, ஓபி மருந்தும் கிடைக்குது. 1996க்கு முன்னாடி ரிட்டயர் ஆனவர்ங்கறதால அவர் அதுக்கு பணமே கட்டியிருக்க மாட்டாரு. இருக்கறதையே வெச்சுக்குங்க.