ஒரே சென்சார் ஆயிலைப் பற்றி எல்லாம் சொல்லிவிடுமா?

கேள்வி: எங்கள் ஆலையில் பெரிய கியர்பாக்ஸ்கள் சிலவும் ஒரு ஹைட்ராலிக் பிரஸ்ஸும் ஓடுகின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆயில் சாம்பிளை லேபுக்கு அனுப்புகிறோம். ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்த ஒரு கியர்பாக்ஸில் சில வாரங்களிலேயே பேரிங் போய்விட்டது. இப்போது ஒரு விற்பனையாளர், “இந்த ஒரு சென்சாரை மாட்டுங்கள், ஆயிலின் நிலை மொத்தமும் திரையில் தெரியும், லேப் செலவே இருக்காது” என்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்தப் பேச்சை நம்பி வாங்காதீர்கள். முதலில், அந்த சென்சார் எதை அளக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். ‘ஆயில் தரம்’ காட்டுவதாக விற்கப்படும் பல சென்சார்கள் உண்மையில் அளப்பது ஆயிலின் டைஎலெக்ட்ரிக் மாறிலியை, அதாவது ஒரு மின்தன்மையை. ஆயில் ஆக்சிஜனேற்றத்தால் கெட்டாலும் அந்த எண் மாறும், தண்ணீர் கலந்தாலும் மாறும், யாராவது வேறு ரக ஆயிலை ஊற்றிவிட்டாலும் மாறும். வெப்பநிலை ஏறி இறங்கினாலும் மாறும் என்பதால் அதற்கு ஈடுகட்டும் வசதியும் உள்ளே இருக்க வேண்டும். ஏதோ மாறிவிட்டது என்று எச்சரிக்க இது நல்ல கருவிதான். ஆனால் மாறியது என்ன என்று சொல்ல லேப்தான் வேண்டும்.

உங்களுக்கு நடந்தது வேறு. லேபில் இரும்பு, செம்பு போன்ற உலோகங்களின் அளவைக் கண்டுபிடிக்கும் வழக்கமான ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனைக்குக் கிட்டத்தட்ட 5 முதல் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள நுண்ணிய துகள்கள்தான் சரியாகத் தெரியும். பேரிங்கின் ஓடுபாதை களைப்படைந்து செதில் செதிலாகப் பெயரும்போது வரும் துண்டுகளோ பல பத்து மைக்ரான், சமயத்தில் நூற்றுக்கணக்கான மைக்ரான் இருக்கும். அவை அந்தச் சோதனையில் சிக்காமல் போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சென்சார் வாங்குகிறீர்களோ இல்லையோ, அடுத்த சாம்பிளிலிருந்து காந்தத் துகள் அளவையும் (பிக்யூ இண்டெக்ஸ் என்பார்கள்) சேர்த்துக் கேளுங்கள். பெரிய இரும்புத் துண்டுகளை அது விடாது.

அந்தப் பெரிய துண்டுகளை ஓடும்போதே பிடிப்பது இண்டக்டிவ் வகைத் தேய்மானத் துகள் சென்சார். ஆயில் போகும் குழாயைச் சுற்றிக் கம்பிச்சுருள் இருக்கும். உலோகத் துகள் கடக்கும்போது காந்தப்புலம் கலையும், அதை வைத்து இரும்பா வேறு உலோகமா என்று பிரித்து எண்ணிக் கொடுக்கும். குழாய் அகலமாக அகலமாக, அதன் கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய துகளின் அளவும் கூடிக்கொண்டே போகும். அதனால் ‘எங்கள் குழாய் அளவுக்கு எத்தனை மைக்ரானிலிருந்து தெரியும்?’ என்று கேட்காமல் விடாதீர்கள். மொத்த எண்ணிக்கையைவிட, அது கூடும் வேகம்தான் முக்கியம்.

இதில் பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. உங்கள் கியர்பாக்ஸில் ஆயில் பம்ப் இருக்கிறதா, அல்லது பல்சக்கரமே ஆயிலை வாரித் தெளிக்கும் வகையா? தெளிக்கும் வகை என்றால் இந்த சென்சார் வழியாக ஓட ஆயிலே இருக்காது. தனியாகப் பம்ப் வைத்துச் சுற்றுக்குழாய் போட வேண்டும், இல்லையென்றால் டிரெயின் பிளக் துளையில் திருகும் காந்த சென்சாரைப் பார்க்க வேண்டும். பம்ப் இருந்தால் ஃபில்டருக்கு முன்னால்தான் மாட்ட வேண்டும். பின்னால் மாட்டினால், பிடிக்க வேண்டிய துகளை ஃபில்டர் ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கும்.

பிரஸ்ஸின் எதிரிகள் தூசியும் தண்ணீரும். அதற்குத் துகள் எண்ணும் கருவி பொருந்தும். ஐஎஸ்ஓ 4406 முறையில் 18/16/13 என்பதுபோல மூன்று எண்கள் வரும். ஒரு மில்லிலிட்டர் ஆயிலில் 4, 6, 14 மைக்ரானுக்கு மேல் எத்தனை துகள்கள் என்பதன் குறியீடு அது. ஒரு படி ஏறினால் துகள் ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் ஒளியால் எண்ணும் கருவிக்குக் காற்றுக் குமிழியும் நீர்த்துளியும் துகளாகவே தெரியும். குமிழி கரைந்திருக்கும் அழுத்தமான இடத்தில் மாட்டினால் இந்தத் தொல்லை குறையும்.

கேள்வி: ஈரப்பத சென்சார் 40 சதவீதம் என்கிறது, லேபோ பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று) ஒரு எண் தருகிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். லேப் சொல்வது மொத்தத் தண்ணீர். சென்சார் சொல்வது, அந்த வெப்பநிலையில் ஆயில் கரைத்துவைத்துக்கொள்ளக்கூடிய தண்ணீரில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை. சூடான ஆயில் கூடுதல் தண்ணீரைத் தாங்கும். ஓடும்போது 40 காட்டும் ஆயில், இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்டதும் 100-ஐத் தொட்டு, தண்ணீர் தனியாகப் பிரிந்து பேரிங்கில் உட்காரலாம். அதனால் நிறுத்திய பிறகான ரீடிங்கைக் கட்டாயம் பாருங்கள்.

கேள்வி: ஆர்டர் கொடுக்கும் முன் விற்பனையாளரிடம் வேறு என்ன கேட்பது?

பதில்: குளிர்ந்த ஆயிலில் வேலை செய்யுமா என்று கேளுங்கள். ஆயில் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதை செண்டிஸ்டோக்கில் அளப்பார்கள். விஜி 320 ரக ஆயில் 40 டிகிரியில்தான் 320 செண்டிஸ்டோக். 20 டிகிரியில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். அப்புறம், ரீடிங்குகள் 4–20 மில்லி ஆம்பியர் மின் சிக்னலாகவோ, மாட்பஸ் என்ற பொதுவான தகவல் தொடர்பு முறை வழியாகவோ உங்கள் கண்ட்ரோல் சிஸ்டத்துக்கே வர வேண்டும். அவர்களுடைய மென்பொருளுக்குச் சந்தா கட்டினால்தான் தெரியும் என்றால் யோசியுங்கள். மறு அளவுத்திருத்தம் யார் செய்வது, அதுவரை சென்சார் இல்லாமல் இயந்திரம் ஓட வழி உண்டா என்பதையும் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். சென்சாருக்குப் பக்கத்திலேயே ஒரு சாம்பிள் வால்வு வைக்கச் சொல்லுங்கள். எது நின்றால் ஆலைக்கு அதிக நஷ்டமோ, அந்த ஓர் இயந்திரத்தில் மட்டும் முதலில் மாட்டுங்கள். அதே வால்வில் எடுத்த சாம்பிளின் லேப் ரிப்போர்ட்டோடு சில மாதம் ஒப்பிட்டுப் பார்த்து, அலாரம் எல்லையை அந்த இயந்திரத்தின் சொந்த ரீடிங்குகளை வைத்து முடிவு செய்யுங்கள். மற்றவற்றுக்கான ஆர்டரை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.