மார்ஷல் குடும்ப மரத்தில் பெம்புரோக் எங்கே போனது?

இடைக்கால இங்கிலாந்தின் பிரபு வில்லியம் மார்ஷலுக்கு 5 மகன்கள் இருந்தும், வேல்ஸில் உள்ள பெம்புரோக் சொத்து எப்படி வாலன்ஸ் குடும்பத்துக்குப் போனது, வரைந்த மரத்தில் தப்பு இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். மரம் சரிதான், மகள்கள் பக்கத்தைத்தான் நீங்கள் வரையாமல் விட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று, அந்தச் சொத்தே ஒரு பெண் வழியாக வந்ததுதான். 1189-ல் மார்ஷல் மணந்த இசபெல் டி கிளேர், ஸ்ட்ராங்போ என்று பெயர்பெற்ற ரிச்சர்டு டி கிளேரின் மகளும் வாரிசும். பெம்புரோக்கும் அயர்லாந்தின் லெய்ன்ஸ்டரும் அவரோடு வந்தவை. பிறந்தது 5 மகன், 5 மகள். 1219-ல் மார்ஷல் இறந்த பிறகு மூத்தவர் வில்லியம் 1231-ல் போனார், ரிச்சர்டு 1234-ல் அயர்லாந்தின் கில்டேர் அருகே நடந்த சண்டையில் பட்ட காயத்தால் கில்கென்னியில் இறந்தார். கில்பர்ட்டின் முடிவுதான் எனக்கு இன்னும் மனசைப் பிசைகிறது: 1241-ல் ஹெர்ட்ஃபோர்டில் நடந்த குதிரைவீரர் போட்டியில் கடிவாள வார் அறுந்து, குதிரையிலிருந்து விழுந்து, கால் அங்கவடியில் மாட்டியபடியே தரையில் இழுபட்டுச் செத்தார். வால்டர், ஆன்செல்ம் இருவரும் 1245-ன் கடைசியில் சில வார இடைவெளியில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். ஐவருக்கும் முறையான பிள்ளை இல்லை.

அப்புறம் நிலம் மகள்களின் வாரிசுகளுக்குப் பிரிந்தது. மகள்களில் மூத்தவரான மாட் (Maud) என்பவருக்கு அரசவையின் மார்ஷல் பதவி, அவர் வழியாக அது பிகாட் குடும்பத்துக்குப் போனது. பெம்புரோக் போனது இன்னொரு மகள் ஜோனின் வழியில்; அவருடைய மகள் ஜோன் டி மன்சென்சியை 1247-ல் மணந்தவர்தான் நீங்கள் கேட்கும் வில்லியம் டி வாலன்ஸ். அம்மா, மகள் இருவருக்கும் ஒரே பெயர் என்பதால் மரத்தில் தனித்தனியாகப் போடுங்கள்.