ஒளியால் கேட்கும் காது: காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 2 வயது. இரண்டு காதும் கேட்காது. காக்ளியர் இம்பிளான்ட் வைக்கச் சொல்கிறார்கள். மின்சாரத்துக்குப் பதில் ஒளியால் கேட்கவைக்கும் கருவி வரப்போகிறதாமே, அதுவரை பொறுக்கலாமா?
- ஒரு தாய், காசிமேடு

பதில்: பொறுக்காதீர்கள் அம்மா. ஒளிக்கருவி இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. மூளை பேச்சைப் பிடித்துக்கொள்ளும் முதல் சில வருடங்களோ திரும்பி வராது.

நீங்கள் படித்ததில் உண்மை உண்டு. இன்றைய காக்ளியர் இம்பிளான்டில் 12 முதல் 22 எலக்ட்ரோடுகள், அதாவது மின்சாரம் பாய்ச்சும் நுண்முனைகள், நத்தை ஓடு போலச் சுருண்ட உள்காதுக்குள் போகின்றன. அங்கே இருப்பது உப்புத் திரவம். மின்சாரம் அதில் பரவி, பக்கத்து நரம்புகளையும் சேர்த்து எழுப்பிவிடும். அதனால் வீட்டுக்குள் பேச்சு புரியும். மீன் ஏலக் கூச்சலுக்கு நடுவே ஒரு குரலைப் பிரித்தெடுப்பது கஷ்டம். பாட்டின் சுருதியும் சரியாகப் பிடிபடாது.

ஒளியைக் குறுக்கி, வேண்டிய இடத்தில் மட்டும் விழவைக்கலாம். ஆனால் செவிநரம்புக்கு ஒளியை உணரத் தெரியாது. கிளாமிடோமோனாஸ் என்ற பாசியில், ஒளி பட்டால் திறக்கும் சேனல்ரோடாப்சின் என்ற புரதம் இருக்கிறது. அதன் மரபணுவை நோய் தராத வைரஸில் ஏற்றி நரம்புக்குள் அனுப்புகிறார்கள். ஜெர்மனியின் கோட்டிங்கனில் டோபியாஸ் மோசர் குழுவினர், செவிடாக்கப்பட்ட ஜெர்பில் எலிகள் ஒளித்துடிப்பை உணர்ந்து நடப்பதை 2018இல் காட்டினார்கள்.

இடிக்கும் இடங்கள் பல. செவிநரம்பு விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை துடிக்கும். முதலில் வந்த புரதம் திறந்தால் மெதுவாகத்தான் மூடியது. வேகமான வகைகள் பிறகு வந்தன. வைரஸ் எல்லா நரம்புக்கும் ஒரே சீராகப் போய்ச் சேருவதில்லை. ஒரு துடிப்புக்கு மின்சாரக் கருவியைவிட அதிக ஆற்றல் வேண்டும். பேட்டரி சீக்கிரம் தீரும், சூடும் ஏறும். நுண்ணிய எல்.இ.டி.களுக்குள் அந்த உப்புத் திரவம் பல்லாண்டு கசியாமல் காக்கவும் வேண்டும்.

இப்போது செய்யவேண்டியது: ஒலிக்குச் செவிநரம்பும் மூளையும் தரும் பதிலை அளக்கும் பெரா பரிசோதனை, நரம்பு இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ., எலும்பமைப்புக்கு சி.டி. மூளைக்காய்ச்சலைத் தடுக்க நிமோகாக்கல் தடுப்பூசியை அறுவைக்கு 2 வாரம் முன்பே முடித்துவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை உண்டு. கருவியை இயக்குவது அறுவை முடிந்து 3, 4 வாரம் கழித்து. அன்றே குழந்தை பேசிவிடாது. குழந்தைக்கு ஏற்றபடி கருவியைச் சரிசெய்யும் மேப்பிங்கும், பேச்சுப் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபியும் விடாமல் நடக்கவேண்டும். உங்கள் பகுதியில் கடற்காற்று. ஈரம் மைக்கைக் கெடுக்கும். இரவில், காதில் மாட்டும் வெளிக்கருவியின் பேட்டரியைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடிவையுங்கள்.