தெரிவுப் பரீட்சை வைக்கும் தனியார் பாடசாலை எதைத் தருகிறது?

பரந்தனில் வசிக்கும் தாயார் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் தரம் 5 இல் படிக்கிறாள். யாழ்ப்பாண நகரில் கட்டணம் அறவிட்டு நடத்தப்படும் ஒரு தனியார் பாடசாலை, எழுத்துப் பரீட்சையும் நேர்முகத் தேர்வும் வைத்துத் தரம் 6 இற்கு மாணவரைச் சேர்க்கிறது; அங்கு விடுதி இல்லை. சிறிய வகுப்புகள், ஆங்கிலமொழிக் கல்வி, விளையாட்டு, இசை, ஒவ்வொரு பிள்ளை மீதும் தனிக்கவனம் ஆகியவற்றை அதன் அறிமுகக் கையேடு உறுதியளிக்கிறது. கனடாவிலுள்ள சகோதரர் கட்டணத்தைப் பொறுப்பேற்க முன்வந்திருக்கிறார். அந்தப் பாடசாலை உண்மையில் எதைத் தருகிறது, அது தம் பிள்ளைக்குப் பொருந்துமா என்பதே தாயாரின் கேள்வி.

முதலில் அது எவ்வகைப் பாடசாலை என்று தெளிவாகக் கேட்டறியுங்கள். 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் அரசின் நிதியுதவியோடு தனியார், சமய அமைப்புகள் நடத்திய உதவிபெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றபோது, அதற்கு உட்படாமல் தனியாராகவே தொடர்ந்த பழைய பாடசாலைகள் சில வடக்கில் உண்டு. அவை தேசியப் பாடவிதானத்தையே கற்பிக்கின்றன, பிள்ளைகள் க.பொ.த. சாதாரண தர, உயர் தரப் பரீட்சைகளுக்குப் பாடசாலைப் பரீட்சார்த்திகளாகவே தோற்றுகிறார்கள். சர்வதேசப் பாடசாலைகளின் நிலை வேறு. அவை கம்பனிகளாகப் பதிவுசெய்யப்பட்டவை. பெரும்பாலும் எடெக்ஸெல் அல்லது கேம்பிரிட்ஜ் என்னும் பிரித்தானியப் பரீட்சைகளுக்கே பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகின்றன. நம் நாட்டு அரச பல்கலைக்கழகங்கள் இலங்கை உயர் தரப் பரீட்சையின் இசட் புள்ளியை (பாடங்களின் கடினத்தைச் சமன்செய்து கணிக்கப்படும் புள்ளியை) கொண்டே மாணவரை அனுமதிப்பதால், பிற்காலத்தில் அந்த வழியை அடைத்துவிடாத பாடசாலைதானா என்பதை இன்றே உறுதிசெய்ய வேண்டும்.

அடுத்தது பெறுபேறுகள். கையேட்டின் நடுப்பக்கத்தில் ஒன்பது 'ஏ' பெற்றவர்களின் படங்கள் இருக்கும். அவற்றைப் பார்க்கும்போது, இந்தப் பிள்ளைகளைப் பத்து வயதிலேயே பரீட்சை வைத்துத் தெரிந்தெடுத்தவர்கள் யார் என்ற கேள்வியும் உங்கள் மனதில் எழ வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் சேர்க்கும் பாடசாலையில் நல்ல பெறுபேறு வருவது இயல்பு. அதில் எவ்வளவு கற்பித்தலின் பயன், எவ்வளவு பிள்ளைகள் வரும்போதே கொண்டுவந்த திறமை என்பதைப் படங்களால் சொல்ல முடியாது. ஆகவே அதிபரிடம் இரண்டு கேள்விகளை மரியாதையாகக் கேளுங்கள். நுழைவுப் பரீட்சையில் கடைசி வரிசையில் தேறியவர்கள் சாதாரண தரத்தில் எந்த நிலைக்கு வந்தார்கள்? தரம் 6 இல் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தரம் 11 வரை அதே பாடசாலையில் இருந்தார்கள்? தரம் 9 இலோ 10 இலோ நலிந்த பிள்ளைகளை வேறிடம் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டு, எஞ்சியவர்களின் பெறுபேற்றைக் காட்டுவது மிகவும் தவறான நடைமுறை. அந்தப் பிள்ளைகள் சுமக்கும் மனக்காயம் எந்தக் கையேட்டிலும் அச்சிடப்படுவதில்லை. இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்லும் அதிபரை நான் பெரிதும் மதிப்பேன்.

தனிக்கவனம் உண்மையா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. பாடசாலையைப் பார்வையிடும் நாளில் தரம் 7 அல்லது 8 பிள்ளையொன்றின் கணிதக் கொப்பியைப் பார்க்க அனுமதி கேளுங்கள். பக்கத்தில் திகதி இருக்கிறதா, ஆசிரியர் பிழையின் கீழ் வெறும் கோடு இழுத்திருக்கிறாரா அல்லது எந்தப் படியில் கணக்குத் தவறியது என்று குறித்திருக்கிறாரா, பிள்ளை அதைத் திருத்தி மீண்டும் செய்திருக்கிறதா, அந்தத் திருத்தத்தை ஆசிரியர் இரண்டாம் முறை பார்த்துச் சரியிட்டிருக்கிறாரா என்று கவனியுங்கள். வகுப்பில் இருபத்தைந்து பேர்தான் என்று பெருமையாகச் சொல்லும் பாடசாலையில், அந்த இரண்டாவது சரி அடையாளம் இல்லையென்றால், சிறிய வகுப்புக்காக நீங்கள் கொடுக்கும் பணத்திற்குப் பயனில்லை. கடந்த மூன்று ஆண்டுகளில் கணிதத்திற்கும் ஆங்கிலத்திற்கும் எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள் என்றும் கேளுங்கள். தனியார் பாடசாலை ஆசிரியர் அரச நியமனம் கிடைத்ததும் விலகிச் செல்வது வழமை; அந்த இடத்தை எவ்வளவு விரைவாக நிரப்புகிறார்கள் என்பதே முக்கியம்.

ஆங்கிலமொழிக் கல்வியைப் பொறுத்தவரை, தரம் 6 இலிருந்து சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கும் இருமொழிக் கல்வி அரச பாடசாலைகள் சிலவற்றிலும் உண்டு. விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் விளக்கத் தெரிந்த ஆசிரியர் இருக்கிறாரா என்பதுதான் எங்கும் பிரச்சினை. இசை அறையையும் விளையாட்டு மைதானத்தையும் நேரில் பார்த்தாலே போதும்.

இனி உங்கள் ஊரிலிருந்து அங்குள்ள தூரம். விடுதியில்லாத பாடசாலை என்றால், பிள்ளை நாள்தோறும் போய்வர வேண்டும். பரந்தனிலிருந்து ஆனையிறவு, கொடிகாமம், சாவகச்சேரி வழியாக யாழ்ப்பாணம் ஏறக்குறைய அறுபது கிலோமீற்றர். காலை 7.30 மணிக்கு வகுப்பில் இருக்க வேண்டிய பத்து வயதுப் பிள்ளை விடியுமுன் எழும்பி, உண்டும் உண்ணாமலும் பஸ் ஏற வேண்டியிருக்கும். பயிற்சிக்கோ சங்கக் கூட்டத்திற்கோ பின்னேரம் நின்றால் இருட்டிய பின்தான் வீடு திரும்பும். நடைமுறையில் அப்பிள்ளைகள் மணியடித்ததும் முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுகிறார்கள்; கையேட்டில் சொல்லப்பட்ட இசையும் விளையாட்டும் நகரத்துப் பிள்ளைகளுக்கே கிடைக்கின்றன. யாழ்ப்பாணத்தில் உறவினர் வீடொன்றில் தங்கவைக்கலாம் என்று நினைத்தால், வீட்டைவிட்டுப் பிரிந்திருக்க மகளுக்கு மனமிருக்கிறதா என்று அவளிடமே கேளுங்கள்.

வன்னிப் பெற்றோர் பலர் கவனிக்காத இன்னொரு விடயம் பல்கலைக்கழக மாவட்ட ஒதுக்கீடு. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவையாகக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய ஐந்தும் அந்தப் பட்டியலில் உள்ளன. ஆனால் 55 சதவீதப் பங்கிற்கு யாழ்ப்பாணத்தில் நிலவும் போட்டி கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இல்லை. வெட்டுப்புள்ளிகளை, அதாவது அனுமதி பெறத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளிகளை, ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். உயர் தரத்திற்கு முந்திய ஆண்டுகளில் பிள்ளை எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தது என்பது இங்கே கணக்கில் எடுக்கப்படும். விதியின் நுணுக்கத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் வாசித்துவிட்டு முடிவெடுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் அறிவியல்நகரில், உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்கு செல்ல விரும்பும் பிள்ளை கிளிநொச்சி மாவட்டப் பரீட்சார்த்தியாக இருப்பது பெரிய அனுகூலம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், அனுமதிக் கட்டணம், மீளளிக்கப்படாத வைப்பு, சீருடை, போக்குவரத்து ஆகியவற்றைச் சேர்த்துத் தரம் 6 முதல் 13 வரையான எட்டு ஆண்டுகளுக்குக் கணக்கிடுங்கள். சகோதரரின் நல்ல மனதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அவருக்கும் குடும்பம் உண்டு; எட்டு ஆண்டுகளில் வேலையும் சூழலும் மாறலாம். நடுவில் பணம் நின்றால் கட்டணச் சலுகை கிடைக்குமா என்பதைப் பாடசாலையிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதே தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு பரந்தனிலோ கிளிநொச்சியிலோ நல்ல ஆங்கில, கணித ஆசிரியரிடம் வாரத்தில் சில நாள் படிக்கவும், வாசிக்க நூல்கள் வாங்கவும் முடியும் என்பதையும் சகோதரரோடு கலந்து பேசுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், கிளிநொச்சியில் கணிதத்திற்கும் ஆங்கிலத்திற்கும் நிரந்தர ஆசிரியர் உள்ள அரச பாடசாலையொன்றில் இடம் கிடைக்குமானால், தரம் 6 இல் மகளை அங்கேயே சேர்ப்பேன். அந்த ஆசிரியர்கள் இல்லையென்றால் மட்டுமே, யாழ்ப்பாணத்தில் மனமொத்த உறவினர் வீடும் இருந்தால், தனியார் பாடசாலையைத் தெரிவுசெய்வேன். நுழைவுப் பரீட்சையை எழுதுவதால் எதுவும் கெட்டுவிடாது. ஆனால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வெளிவந்து, அரச பாடசாலை அனுமதிக்கான விண்ணப்பத்தின் முடிவும் தெரியும் வரை, இப்போதைய பாடசாலையிலிருந்து விடுகைப் பத்திரத்தைப் பெறவோ மீளப்பெற முடியாத வைப்பைக் கட்டவோ வேண்டாம். கட்டியே ஆக வேண்டிய நாள் முந்திவிட்டால், தவணை தொடங்குமுன் விலகுபவருக்கு எவ்வளவு திருப்பிக் கொடுக்கப்படும் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள்.