சிரங்கு ஆறியது, சிறுநீர் கறுத்தது

கேள்வி: என் 7 வயது மகனுக்குக் காலில் சிரங்கு வந்து ஆறி ஒரு மாதம் ஆகிறது. இப்போது காலையில் கண் இமை உப்பிவிடுகிறது, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போகிறது. சிறுநீரக அழற்சி என்கிறார் டாக்டர். டயாலிசிஸ் வரை போகுமா?

பதில்: பெரும்பாலும் போகாது, பயப்படாதீர்கள். சிரங்கையும் தொண்டை வலியையும் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி நேராகக் கிட்னியைத் தாக்குவதில்லை. அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் சிறுநீரக வடிகட்டிகளில் படிந்து புண்ணாக்குகின்றன, அதனால்தான் தொண்டை வலி என்றால் 1 முதல் 3 வாரம், சிரங்கு என்றால் 3 முதல் 6 வாரம் கழித்து இது தலைகாட்டுகிறது. ஆன்டிபயாட்டிக் மிச்சக் கிருமியை அழிக்கும், அவ்வளவுதான். கிட்னி தானாகத்தான் ஆறும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ரத்த அழுத்தம். குழந்தைக்கு ஏது பிரஷர் என்று விட்டுவிடுகிறார்கள். அது எகிறினால் வலிப்பே வரலாம். உப்பு குறையுங்கள், ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் வேண்டாம், தண்ணீர் டாக்டர் சொன்ன அளவுதான் (நிறையக் குடித்தால் கிட்னி கழுவும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், கேட்காதீர்கள்). தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல், சிறுநீர் குறைவது, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ரத்தத்தில் சி3 (இந்த நோயில் குறையும் ஒரு நோய் எதிர்ப்புப் புரதம்) அளவு 6 முதல் 8 வாரத்தில் சரியாக வேண்டும், ஆகாவிட்டால் சிறுநீரக நிபுணரைப் பாருங்கள்.