கஅபாவை வணங்குகிறார்களா?

ஐயா வணக்கம்,

எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே பள்ளிவாசல். ரமலான் மாதம் முழுக்க நோன்புக் கஞ்சி வரும், அதைக் குடித்தே வளர்ந்தவன் நான். ஆனால் அந்த மார்க்கத்தைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது இப்போதுதான் உறைத்தது. தாத்தாவின் பழைய புத்தகங்களில் 'முகமதியர்' என்று இருக்கிறது. அப்படியென்றால் முகமது ஆரம்பித்த மதம், அவரை வணங்குகிறார்கள் என்றுதானே பொருள்? உருவ வழிபாடு கூடாது என்கிறீர்கள், ஆனால் மக்காவில் ஒரு கட்டடத்தைப் பார்த்துத் தொழுகிறீர்கள், ஒரு கல்லை முத்தமிடுகிறீர்கள். அது என்ன? நபியின் பெயருக்குப் பின்னால் 'ஸல்' என்று போடுவது எதற்கு? தவறாகக் கேட்டிருந்தால் மன்னியுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மன்னிப்பெல்லாம் எதற்கு? எதிர் வீட்டில் இருந்துகொண்டு வருஷக்கணக்காக மனசுக்குள் வைத்திருப்பதைவிட இப்படிக் கேட்டுவிடுவதுதான் நல்லது.

'முகமதியர்' என்பது வெளியிலிருந்து வைத்த பெயர். கிறிஸ்துவைப் பின்பற்றுகிறவர் கிறிஸ்தவர் என்றால் முகமதைப் பின்பற்றுகிறவர் முகமதியர் என்று ஐரோப்பியர்கள் போட்ட கணக்கு. இஸ்லாம் என்ற சொல்லுக்கு இறைவனிடம் தன்னை ஒப்படைப்பது என்று பொருள், அப்படி ஒப்படைத்தவர் முஸ்லிம். முகமதியர் என்று கேட்டால் எங்களுக்குச் சுருக்கென்று படுவதற்குக் காரணம், இஸ்லாத்தில் இருப்பதிலேயே பெரிய பாவம் இறைவனுக்கு இணை வைப்பது. அந்தப் பெயரோ நபியையே அந்த இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது.

மக்காவில் நபிகள் நாயகம் (ஸல்) பிறந்தது 570 வாக்கில். பிறக்கும் முன்பே தந்தை இறந்துவிட்டார், ஆறு வயதில் தாயும் போய்விட்டார். அந்தத் தந்தையின் பெயரைக் கவனியுங்கள்: அப்துல்லாஹ், அதாவது அல்லாஹ்வின் அடிமை. மகன் நபியாவதற்கு வெகு காலம் முன்பே மக்காவாசிகளுக்கு அல்லாஹ் என்ற பெயர் தெரிந்திருந்தது. அவனோடு லாத், உஸ்ஸா, மனாத் என்று வேறு தெய்வங்களையும் வைத்திருந்தார்கள், நீங்கள் கேட்ட அந்தக் கட்டடமான கஅபாவைச் சுற்றி 360 சிலைகள் இருந்ததாக, நபியின் சொல்லையும் செயலையும் பதிவு செய்யும் ஹதீஸ் சொல்கிறது. நபி புதிதாக ஒரு கடவுளைக் கொண்டுவரவில்லை, இருக்கிற ஒருவனைத் தவிர வேறு யாரும் இல்லை என்றார். அதோடு அனாதையை விரட்டாதே, ஏழைக்கு உணவு கொடு என்றும் சேர்த்துச் சொன்னதுதான் மக்காவின் குறைஷிக் குலத் தலைவர்களுக்குப் பொறுக்கவில்லை, ஏனென்றால் கஅபாவுக்கு வரும் யாத்திரிகர்களையும் வணிகத்தையும் நம்பித்தான் அவர்களுடைய அந்தஸ்தே இருந்தது.

610இல், நாற்பது வயதில், ஹிரா குகையில் தனியாக இருந்தபோது 'ஓதுவீராக' என்ற முதல் வஹீ, அதாவது இறைச்செய்தி, வந்தது. அவர் நடுங்கிக்கொண்டே வீட்டுக்கு ஓடி வந்து, போர்த்துங்கள், என்னைப் போர்த்துங்கள் என்று மனைவி கதீஜாவிடம் சொன்னார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். தன்னைக் கடவுளாக்கிக்கொள்ள நினைக்கிறவரின் வரலாற்றில் இந்த நடுக்கம் மிஞ்சியிருக்காது.

நாங்கள் நம்புவது இந்த மார்க்கம் அவரோடு தொடங்கியது என்றல்ல. ஆதம், நூஹ், இப்ராஹீம், மூஸா, ஈஸா என்று வந்த நபிமார்கள் எல்லாரும் சொன்ன ஒரே செய்தியை முடித்துவைக்க வந்த கடைசித் தூதர் அவர். குர்ஆனில் மூஸாவின் பெயர் 130 தடவைக்கு மேல் வருகிறது. முஹம்மது என்ற பெயர் நான்கே தடவைதான்! அதிலும் 80ஆவது அத்தியாயம் அவரைக் கண்டித்தே தொடங்குகிறது. குறைஷிப் பெரிய மனிதர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பார்வையற்றவர் குறுக்கே வர, நபி முகம் சுளித்தார். அதற்குத்தான் கண்டிப்பு. இன்றைக்கும் தொழுகையில் அதை ஓதுகிறோம்.

அவருடைய சின்ன மகன் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம். குழந்தைக்காகச் சூரியனே இருண்டுவிட்டது என்று ஜனங்கள் பேச ஆரம்பித்தார்கள். யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனையும் சந்திரனையும் கிரகணம் பிடிப்பதில்லை என்று, அந்தத் துக்கத்திலும், எழுந்து சொன்னார். 632இல் அவரே இறந்தபோது அவருடைய நெருங்கிய தோழர் உமரால் அதை நம்ப முடியவில்லை, இறக்கவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். இன்னொரு தோழரான அபூபக்கர் வந்து, முஹம்மதை வணங்கியவர் யாராவது இருந்தால் முஹம்மது இறந்துவிட்டார், அல்லாஹ்வை வணங்கியவர்களுக்கு அல்லாஹ் உயிரோடு இருக்கிறான், அவன் இறப்பதில்லை என்றார். உமர் கால் துவண்டு உட்கார்ந்துவிட்டார்.

சரி, கஅபாவுக்கு வருவோம். அது கிப்லா, அதாவது எல்லாரும் ஒரே பக்கம் திரும்பித் தொழுவதற்கான திசை. ஆரம்பத்தில் ஜெருசலேமைப் பார்த்துத்தான் தொழுதார்கள், ஹிஜ்ரத் செய்து, அதாவது மக்காவை விட்டுக் குடிபெயர்ந்து, மதீனா போய் சுமார் பதினாறு மாதம் கழித்துத்தான் மக்கா பக்கம் மாறியது. திசை தெரியாத இடத்தில் மாட்டிக்கொண்டால் முடிந்தவரை அனுமானித்து ஒரு பக்கம் திரும்பித் தொழலாம், கஅபாவுக்கு உள்ளே நின்றால் எந்தப் பக்கமும் தொழலாம். உங்கள் கேள்விக்குக் குர்ஆனிலேயே பதில் இருக்கிறது, 2:177. கிழக்கிலோ மேற்கிலோ முகத்தைத் திருப்புவது மட்டும் நன்மை ஆகிவிடாது என்று தொடங்கி, அல்லாஹ், மறுமை நாள், வானவர்கள், வேதம், நபிமார்கள் இவற்றை நம்புவது, பிரியமான பொருளை உறவினர், அனாதை, ஏழை, வழிப்போக்கர், கேட்டு வருகிறவர், அடிமை விடுதலை என்று செலவழிப்பது, தொழுவது, ஜகாத் என்ற கட்டாய தர்மத்தைக் கொடுப்பது, வாக்கைக் காப்பாற்றுவது, கஷ்டத்தில் பொறுமையாக இருப்பது என்று நீளும் வசனம். விதியை நம்புவதை ஹதீஸ் இதோடு சேர்க்கிறது. கலிமா என்ற நம்பிக்கை உறுதிமொழி, நோன்பு, ஹஜ் ஆகிய மூன்றும் சேர்ந்தால் இஸ்லாம் ஏறக்குறைய இதுதான்.

கஅபாவின் மூலையில் பதித்திருக்கும் அந்தக் கறுப்புக் கல்லை முத்தமிடப் போன உமர், நீ வெறும் கல், உன்னால் நல்லதும் கெட்டதும் செய்ய முடியாது என்று தெரியும், நபி முத்தமிட்டதைப் பார்த்திராவிட்டால் நான் முத்தமிட மாட்டேன் என்று அந்தக் கல்லிடமே சொன்னார். 930இல் கர்மதியர்கள் என்ற கூட்டம் மக்காவைத் தாக்கி அந்தக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனது. அது திரும்பி வர இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. அத்தனை வருஷமும் உலகத்தில் ஒரு வேளைத் தொழுகைகூட அதற்காக நிற்கவில்லை.

மதிப்பதற்கும் வணங்குவதற்கும் நடுவில் உள்ள எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு, அதையும் மறைக்க வேண்டாம். தர்காவில் அடங்கியிருக்கும் அவுலியாவிடம், அதாவது இறைநேசரிடம், கேட்பது இணைவைத்தல் என்று ஒரு சாரார், அவர் மூலமாக அல்லாஹ்விடம்தான் கேட்கிறோம் என்று இன்னொரு சாரார். எங்கள் குடும்பத்திலேயே அத்தா ஒரு பக்கம், பெரியத்தா ஒரு பக்கம். ஆனால் அந்தக் கோடே வேண்டாம் என்று இருவரும் சொன்னதில்லை.

அப்புறம் அந்த 'ஸல்'. ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் என்பதன் சுருக்கம் அது. அவர் மீது அல்லாஹ்வின் அருளும் சாந்தியும் உண்டாகட்டும் என்று அர்த்தம். ஒவ்வொரு தடவை பெயர் வரும்போதும் நாங்கள் அவருக்காக அல்லாஹ்விடம் துஆ (பிரார்த்தனை) கேட்கிறோம்.

அன்புடன்.