வேலூர்ல மூணு நாள் சுத்த டவுன் பஸ்ல டே டிக்கெட் உண்டா?

ஜோலார்பேட்டை பக்கத்துல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்காரு. அம்மாவ சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு வர்றாராம், கூட 4 வயசு பொண்ணு, காட்பாடில இறங்கி ஆஸ்பத்திரி பக்கத்துல ரூம் எடுத்து மூணு நாள் தங்கணும். நடுவுல பாகாயம், புது பஸ் ஸ்டாண்டுனு சின்ன சின்ன தூரமா போய் வரணும், ஒரே டிக்கெட்ட வச்சு நாள் முழுக்க சுத்த முடியுமான்றதுதான் கேள்வி.

முடியாதுங்க, நம்ம டவுன் பஸ்ல ஏறுற ஸ்டேஜ்ல இருந்து இறங்குற ஸ்டேஜ் வரைக்கும்தான் டிக்கெட், நடுவுல இறங்கி வேற பஸ் மாறினா திரும்ப புதுசா எடுக்கணும். மாசப் பாஸ் மூணு நாளைக்கு கட்டுப்படியாகாது. ஆனா உங்க குடும்பத்துக்கு அப்படி ஒரு டிக்கெட்டே தேவையில்லன்னு நான் சொல்வேன், ஏன்னா காசு குடுத்து டிக்கெட் எடுக்க வேண்டிய ஆள் நீங்க ஒருத்தர்தான்.

2021 மே மாசத்துல இருந்து அரசு சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு ஃப்ரீ, அதனால அம்மாவுக்கு காசு இல்ல, அஞ்சு வயசு வரைக்கும் குழந்தைங்களுக்கும் டிக்கெட் கிடையாது, பாப்பாவும் அதுல அடங்கிடுது. ஆதார் கார்டு அது இதுன்னு எதையும் எடுத்து நீட்ட வேணாம். ஆனா அம்மா ஃப்ரீன்னு சொல்லி சும்மா உக்காந்துடக்கூடாது, கண்டக்டர் காசில்லாம ஒரு டிக்கெட் குடுப்பாரு, அத கேட்டு வாங்கி இறங்குற வரைக்கும் கையில வச்சிருக்கச் சொல்லுங்க, செக்கிங் ஏறினா அதத்தான் கேப்பாங்க. அம்மாவுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தா அதையும் எடுத்துட்டு வாங்க, துணைக்கு வர்ற ஒருத்தருக்கும் டவுன் பஸ்ல ஃப்ரீ, அப்போ உங்களுக்கும் செலவு இல்ல.

கவனிக்க வேண்டியது பஸ்ஸோட போர்டுதான். முன்னாடி மகளிர் கட்டணமில்லா பயணம்னு போட்டிருக்குற வண்டில மட்டும்தான் இது செல்லும், தனியார் பஸ், மினி பஸ், எக்ஸ்பிரஸ்னு போற வண்டிங்கள்ல பொம்பளைங்களுக்கும் டிக்கெட்தான். நம்ம ஊர்ல தனியார் வண்டி நிறைய ஓடுது, அவசரத்துல முதல்ல வந்து நிக்கிறதுல ஏறிட்டு அப்புறம் கண்டக்டர்கிட்ட வாக்குவாதம் பண்றவங்கள தினமும் பாக்கலாம், பாவம் அவர் என்ன பண்ணுவாரு.

காட்பாடி ஸ்டேஷன விட்டு வெளிய வந்ததும் 1, 2 நம்பர் பஸ்ஸ பாருங்க, விருதம்பட்டு, பாலாத்துப் பாலம் தாண்டி ஊருக்குள்ள வந்து சிஎம்சி வழியா பாகாயம் வரைக்கும் போறது அதுங்கதான். அதாவது சிஎம்சி, பாகாயம் ரெண்டும் ஒரே ரூட்ல இருக்கு, வண்டி மாற வேண்டியதே இல்ல. சில்லறை கையில வச்சுக்கங்க. மூட்டை முடிச்சோட வர்ற முதல் நாள் மட்டும் ஆட்டோவே எடுத்துடுங்க, வயசானவங்கள கூட்டத்துல நிக்க வச்சு மிச்சம் பிடிக்கிற காசு நமக்கு வேணாம், ஆனா ஏறறதுக்கு முன்னாடியே ரேட்ட பேசிடுங்க. ஷேர் ஆட்டோன்னா ஆளுக்கு இவ்ளோன்னு வாங்குவாங்க, பாப்பாவ மடியில வச்சுக்கறேன்னு முதல்லயே சொல்லிடணும்.

ரயில்லயே வேலூர் கன்டோன்மென்ட் வரைக்கும் வந்துடலாமேன்னு தோணும். வழி இருக்கு, ஆனா காட்பாடில இருந்து அந்தப் பக்கம் போற வண்டி கம்மி, நேரம் பொருந்தினா மட்டும் அங்க வரைக்குமே சேத்து ஒரே டிக்கெட்டா எடுத்துடுங்க, இல்லன்னா அதுக்காக காத்திருக்காதீங்க.

இன்னொன்னு, டிக்கெட்ட விட இதுதான் முக்கியம். கிளம்பறதுக்கு முன்னாடி அப்பாயின்ட்மென்ட் சீட்டுல சிஎம்சியோட எந்த கேம்பஸ்னு பாத்துடுங்க. இப்போ ராணிப்பேட்டை கேம்பஸுக்கும் சில டிபார்ட்மென்ட் போயிடுச்சு, அது ஊருக்கு வெளிய ரத்தினகிரி பக்கம் ஹைவேல இருக்கு, 1, 2 நம்பர் பஸ் அங்க போகாது. அங்கன்னு போட்டிருந்தா ரூமையும் டவுனுக்குள்ள எடுக்காம அந்தப் பக்கமா பாருங்க.